வயதான டிரான்ஸ்பார்மர்களைக் காப்பது எப்படி: காவிரிப் படுகைக்கு ஒரு முழு வழிகாட்டி

காவிரிப் படுகையில் டிரான்ஸ்பார்மர் கெடுவதற்கு இரண்டு பருவம் உண்டு. ஒன்று சித்திரையும் வைகாசியும். ஜூன் 12 அன்று மேட்டூர் திறக்கும் என்று நம்பி, அதற்கு முன்பே போர் தண்ணீரில் குறுவைக்கு நாற்று விடுவார்கள். கத்திரி வெயில், பகல் முழுக்க ஓடும் மோட்டார், இரவு முழுக்க ஓடும் ஏ.சி. எல்லாம் அந்த இரண்டு மாதத்தில் வந்து சேரும். இன்னொன்று ஐப்பசியும் கார்த்திகையும்: அடைமழை, வெள்ளம், கடலோரம் என்றால் புயலும் உப்பும். வெயில் காலம் டிரான்ஸ்பார்மருக்கு உள்ளே இருக்கும் காகிதத்தைக் கருக்குகிறது. மழைக்காலம் அதே காகிதத்தில் ஈரத்தை ஏற்றுகிறது. ஈரம் ஏறிய காகிதம் அடுத்த வெயிலில் இன்னும் வேகமாகக் கருகும்.

இந்தப் படுகையின் துணை மின் நிலையங்களில் முப்பது ஆண்டுக்கு மேல் வேலை பார்த்தவன் என்பதால் இதை எழுதுகிறேன். பொறுப்புக்குப் புதிதாக வரும் உதவிப் பொறியாளருக்கும், சொந்தமாக டிரான்ஸ்பார்மர் வைத்திருக்கும் அரிசி ஆலைக்காரருக்கும் இது பயன்படும். எல்லாப் பழைய டிரான்ஸ்பார்மரையும் ஒரே நேரத்தில் மாற்ற யாரிடமும் பணம் இருக்காது. எது முதலில் விழும், எது விழுந்தால் அதிகம் வலிக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான் நம்மால் செய்யக்கூடியது. அதற்கான வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பதிவேடு

ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் ஒரு வரலாற்று அட்டை வேண்டும். அது இடத்தின் பேரில் இருக்கக் கூடாது, டிரான்ஸ்பார்மரின் தொடர் எண்ணின் பேரில் இருக்க வேண்டும். நம் ஊரில் நடக்கும் பெரிய தவறே இதுதான். ஒரு நிலையத்தில் பத்தாண்டு ஓடிய டிரான்ஸ்பார்மரைக் கழற்றி வேறு நிலையத்துக்கு அனுப்புவார்கள். லாக் புத்தகம் பழைய நிலையத்தின் அலமாரியிலேயே தங்கிவிடும். புது இடத்துக்குப் போன டிரான்ஸ்பார்மர் பெயரில்லாப் பிள்ளைபோல் நிற்கும். அது எத்தனை ஷார்ட் சர்க்யூட்டைத் தாங்கியது, எப்போது எண்ணெய் வடிகட்டினார்கள், எந்த புஷிங்கை (மின்கம்பி தொட்டிக்குள் நுழையும் இடத்தில் உள்ள காப்பு) மாற்றினார்கள் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் இருக்காது.

பெயர்த்தகட்டை முதலில் படம் எடுங்கள். தயாரித்த ஆண்டு, எம்.வி.ஏ. (சுமை தாங்கும் திறன்), மின்னழுத்த விகிதம், மின்மறுப்பு சதவீதம், வெக்டார் குரூப் (சுருள்களின் இணைப்பு முறை), எண்ணெய் அளவு, குளிர்விக்கும் முறை ஆகியவை அட்டையில் ஏற வேண்டும். குளிர்விக்கும் முறையைக் கவனித்துப் படியுங்கள். தகட்டில் 10/16 எம்.வி.ஏ. என்று இருந்தால், மின்விசிறி ஓடினால்தான் அது 16. விசிறி மோட்டார் எரிந்துபோய் ஆறு மாதமாகக் கிடக்கிறது என்றால் உங்களிடம் இருப்பது 10 எம்.வி.ஏ. மட்டுமே. அதில் 14 ஏற்றிக்கொண்டு "இன்னும் 2 மிச்சம் இருக்கிறது" என்று நம்பி உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு, அந்த டிரான்ஸ்பார்மரிலிருந்து போகும் ஃபீடர்களில் (ஊர்களுக்கு மின்சாரம் கொண்டுபோகும் லைன்களில்) வந்த பழுதுகளைக் குறியுங்கள். வெளியே நடக்கும் ஒவ்வொரு ஷார்ட் சர்க்யூட்டும் உள்ளே இருக்கும் சுருளை ஒரு முறை உலுக்கிவிட்டுப் போகிறது. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் தென்னந்தோப்புக்குள் போகும் லைன்களில் மட்டை விழுந்து ஏற்படும் ட்ரிப்புகளை (மின்சாரம் தானாகத் துண்டிக்கப்படுவதை) எண்ணிப் பாருங்கள். ஊருக்குள் ஓடும் லைனோடு ஒப்பிட்டால் அந்த டிரான்ஸ்பார்மர் படும் பாடு புரியும்.

வயது என்பது காகிதத்தின் வயது

இரும்புக்கும் செம்புக்கும் வயதாவதில்லை. எண்ணெய்க்கு ஆகும், ஆனால் எண்ணெயை மாற்றிவிடலாம். செம்புக் கம்பியின் மேல் சுற்றியிருக்கும் காகிதத்தை மட்டும் மாற்ற முடியாது. மாற்றுவதென்றால் சுருளையே புதிதாகச் சுற்ற வேண்டும். எனவே டிரான்ஸ்பார்மரின் ஆயுள் அந்தக் காகிதத்தின் ஆயுள்தான். காகிதம் என்பது நீண்ட செல்லுலோஸ் சங்கிலி. புதிதாக இருக்கும்போது ஒரு சங்கிலியில் சராசரியாக 1,000 கண்ணிகள் வரை இருக்கும். வெப்பம், ஈரம், ஆக்சிஜன், எண்ணெயில் உருவாகும் அமிலம் இவை சங்கிலியை வெட்டிக்கொண்டே வரும். 200 கண்ணிக்கு வந்துவிட்டால் காகிதத்துக்கு இழுவைத் தாங்கும் பலம் போய்விடும். மின்சாரத்தை அது அப்போதும் தடுக்கும். ஆனால் அடுத்த ஷார்ட் சர்க்யூட்டின் உலுக்கலில் அப்பளம்போல் நொறுங்கும். "நேற்று வரை நன்றாகத்தான் ஓடியது" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

சாதாரணக் காகிதத்துக்குச் சுருளின் மிகச் சூடான இடத்தில் 98 டிகிரி என்பதைச் சர்வதேசத் தரம் இயல்பான தேய்மானமாக வைத்திருக்கிறது. அதற்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் தேய்மானம் இரட்டிக்கும், கீழே ஒவ்வொரு 6 டிகிரிக்கும் பாதியாகும். 110 டிகிரியில் ஒரு நாள் ஓடினால் நான்கு நாள் ஆயுள் கழியும். 122 டிகிரி என்றால் பதினாறு மடங்கு. மே மாதத்தில் தினம் 4 மணி நேரம் மட்டும் 122 டிகிரியில் ஓடியது என்று வையுங்கள். அந்த 4 மணி நேரம் 64 மணி நேர ஆயுளைத் தின்கிறது. முப்பது நாளில் 80 நாள். அதே டிரான்ஸ்பார்மர் மார்கழியில் 86 டிகிரியில் ஓடும்போது நாள் ஒன்றுக்கு ஆறு மணி நேர ஆயுள்தான் செலவாகிறது.

அதனால் தகட்டில் உள்ள ஆண்டை மட்டும் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பாதிச் சுமையில் ஓடிய 40 வயது டிரான்ஸ்பார்மர் திடமாக இருக்கும். ஒவ்வொரு மே மாதமும் வெந்துகொண்டிருந்த 18 வயது டிரான்ஸ்பார்மர் உள்ளே பொடியாகியிருக்கும். கணக்குப் புத்தகத்தில் துணை மின் நிலையக் கருவிக்கு 25 ஆண்டு என்று எழுதுவது தேய்மானக் கணக்குக்காகத்தான். அதைக் கருவியின் உடல்நிலை என்று படிக்கக் கூடாது.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இறால் பண்ணைகளுக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். குளத்தில் காற்றேற்றும் சக்கரங்கள் இரவிலும் நிற்காது. மற்ற டிரான்ஸ்பார்மருக்கு நடு இரவில் ஆறுவதற்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும். இவற்றுக்கு அதுவும் கிடையாது.

தினமும் ஒரு சுற்று

சோதனைக் கருவி எதுவும் வருவதற்கு முன்பே கண்ணும் காதும் நிறையச் சொல்லிவிடும். கன்சர்வேட்டரில் (தொட்டிக்கு மேலே உள்ள சிறு எண்ணெய்க் கலனில்) எண்ணெய் மட்டம், ரேடியேட்டர் வால்வு திறந்திருக்கிறதா, கேஸ்கட்டில் கசிவு, புஷிங்கில் விரிசல், வழக்கத்துக்கு மாறான ரீங்காரம். எல்லா ரேடியேட்டரையும் தொட்டுப் பாருங்கள். ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அதன் வால்வு மூடியிருக்கிறது, அல்லது உள்ளே கசடு அடைத்திருக்கிறது.

பிரீதரைப் பற்றி மட்டும் நீளமாகச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மர் சூடாகும்போது மூச்சு விடுகிறது, ஆறும்போது இழுக்கிறது. இழுக்கும் காற்றில் உள்ள ஈரத்தைச் சிலிகா ஜெல் உறிஞ்ச வேண்டும். நீல ஜெல் வெளிர்சிவப்பாக மாறினால் அது நிறைந்துவிட்டது என்று பொருள். இப்போது வரும் ஆரஞ்சு ஜெல் பச்சையாக மாறும். கோடையில் மூன்று மாதம் தாங்கும் ஜெல் ஐப்பசி அடைமழையில் சில வாரம்கூடத் தாங்காது. பகலில் மழை வந்து தொட்டி சட்டென்று குளிரும் நேரத்தில்தான் அது ஈரக் காற்றை ஆழமாக இழுக்கும். ஜெல் கீழேயிருந்து நிறம் மாறினால் சரி. மேலேயிருந்து மாறினால் காற்று வேறு வழியாக உள்ளே போகிறது, குழாய் இணைப்பைப் பாருங்கள். அடியில் உள்ள கிண்ணத்தில் எண்ணெய் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். பல இடங்களில் அது காலியாக இருக்கும். அப்படியானால் ஜெல் நாள் முழுக்க வெளிக்காற்றோடு பேசிக்கொண்டிருக்கிறது. ஒரு கிலோ ஜெல்லின் விலையையும் ஒரு சுருளின் விலையையும் மனதில் வைத்துப் பாருங்கள். இந்தப் பட்டியலில் இதைவிட மலிவான வேலை எதுவும் கிடையாது.

எண்ணெய், சுருள் வெப்பநிலை காட்டும் டயல்களையும் நம்பிவிடாதீர்கள். சென்சார் சொருகியிருக்கும் குழியில் எண்ணெய் வற்றியிருந்தால் டயல் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். குழியில் எண்ணெய் ஊற்றுவது ஐந்து நிமிட வேலை.

தை, மாசியில் சம்பா அறுவடை இயந்திரங்கள் கிளப்பும் வைக்கோல் தூசி ரேடியேட்டர் இடுக்குகளில் படியும். பங்குனி முடிவதற்குள் அதைத் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டால் கோடையில் எண்ணெய் அந்த அளவுக்குக் குளிர்ந்து நிற்கும். அகச்சிவப்புக் கேமராவால் இணைப்புகளைப் பார்ப்பதென்றால் மாலை ஏழு மணிக்குப் போங்கள். சுமை இருக்கும்போதுதான் சூடு தெரியும். பகல் வெயிலில் எடுத்த படம் சூரியனைத்தான் காட்டும்.

எண்ணெய் என்ன சொல்கிறது

ஆண்டுக்கு ஒரு முறையாவது எண்ணெய் மாதிரி எடுக்க வேண்டும். 110 கே.வி. (கிலோவோல்ட்) டிரான்ஸ்பார்மர்களுக்கும், பலவீனம் என்று தெரிந்தவற்றுக்கும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மாதிரி எடுக்கும் முறை சரியில்லை என்றால் சோதனையே வீண். மழை நாளிலும் மார்கழி மூடுபனியிலும் எடுக்காதீர்கள். அடி வால்வைத் துடைத்து, முதலில் வரும் எண்ணெயை ஒதுக்கிவிட்டு, பாட்டிலை அதே எண்ணெயால் அலசிவிட்டுப் பிடியுங்கள். அப்போது எண்ணெயின் வெப்பநிலை என்ன என்று பாட்டிலில் எழுதுங்கள். இந்த ஒரு எண்ணை யாரும் எழுதுவதில்லை. அது இல்லாமல் ஈரத்தின் அளவுக்குப் பொருளே இல்லை. டிரான்ஸ்பார்மருக்குள் இருக்கும் தண்ணீரில் மிகப் பெரும் பகுதி காகிதத்தில் இருக்கிறது. சூடானால் அது எண்ணெய்க்கு வரும், ஆறினால் காகிதத்துக்குத் திரும்பும். ஆறிய எண்ணெயைச் சோதித்துவிட்டு "உலர்ந்திருக்கிறது" என்று எழுதினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

மின்தாங்கு திறன் இரு மின்முனைகளுக்கு இடையே 2.5 மி.மீ. இடைவெளியில் சோதிக்கப்படும். ஓடிக்கொண்டிருக்கும் எண்ணெய்க்கு, 72.5 கே.வி. வரையான டிரான்ஸ்பார்மரில் 40 கே.வி.க்கு மேல் இருந்தால் நல்லது, 30க்குக் கீழே போனால் உடனே கை வைக்க வேண்டும். அதற்கு மேல் 170 கே.வி. வரையான வகுப்பில் (நம் 110 கே.வி. இதில்தான் வரும்) 50க்கு மேல் நல்லது, 40க்குக் கீழே மோசம். அமிலத்தன்மை கிராமுக்கு 0.1 மி.கி. பொட்டாசியம் ஹைட்ராக்சைடைத் தாண்டும்போதே கவனிக்கத் தொடங்குங்கள். 110 கே.வி.யில் 0.2 என்பது அபாயம், 33 கே.வி.யில் 0.3. எண்ணெய்க்கும் நீருக்கும் இடையிலான பரப்பு இழுவிசை மீட்டருக்கு 20 மில்லிநியூட்டனுக்குக் கீழே போனால் கசடு படியத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஃபில்டர் இயந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. வடிகட்டிய மறுநாள் மின்தாங்கு திறன் 60க்கு ஏறும், எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் காகிதத்தில் உள்ள தண்ணீர் அப்படியே இருக்கும். மூன்று நான்கு மாதத்தில் எண்ணெய் பழைய நிலைக்கே வந்துவிட்டால், ஈரம் காகிதத்தில் இருக்கிறது, சூடான எண்ணெயைச் சுழற்றி வெற்றிடத்தில் நாள்கணக்கில் உலர்த்த வேண்டும் என்று பொருள். வடிகட்டினால் எண்ணெயில் கரைந்திருந்த வாயுக்களும் போய்விடும். அதனால் வடிகட்டுவதற்கு முன்பு ஒரு வாயு மாதிரியும், ஒரு மாதம் கழித்து இன்னொன்றும் எடுத்து வையுங்கள்.

கரைந்த வாயு: ரத்தப் பரிசோதனை

எண்ணெயும் காகிதமும் சூட்டில் சிதையும்போது வாயுக்கள் உண்டாகி எண்ணெயில் கரையும். எந்த வாயு என்பதை வைத்து உள்ளே நடப்பதைப் படிக்கலாம். ஹைட்ரஜன் மட்டும் ஏறினால் சிறு மின்கசிவு. மீத்தேனும் ஈத்தேனும் என்றால் மிதமான சூடு. எத்திலீன் ஓங்கி நின்றால் கடும் சூடு, பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு அல்லது டாப் சேஞ்சர் (மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சுவிட்ச்) முனை. அசிட்டிலீன் வந்தால் பொறி பறக்கிறது. கார்பன் மோனாக்சைடு வேகமாக ஏறி, கார்பன் டை ஆக்சைடு அதைப்போல் மூன்று மடங்குக்கும் குறைவாக இருந்தால் சூடு காகிதத்தைத் தொட்டுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். கனடாவின் மிஷெல் டுவால் வகுத்த முக்கோணத்தில் மீத்தேன், எத்திலீன், அசிட்டிலீன் மூன்றையும் வைத்துப் பார்த்தால் பழுதின் வகை ஓரளவு தெளிவாகும். நம் நாட்டுத் தரம் ஐ.எஸ். 10593.

ஒரே ஒரு முடிவை வைத்துக்கொண்டு பயப்படவும் வேண்டாம், தைரியம் கொள்ளவும் வேண்டாம். ஐந்தாண்டாக எத்திலீன் 80 பி.பி.எம்.மில் (பத்து லட்சத்தில் 80 பங்கில்) நிற்கும் டிரான்ஸ்பார்மரைவிட, மூன்று மாதத்தில் 10லிருந்து 50க்கு ஏறிய டிரான்ஸ்பார்மர்தான் என் தூக்கத்தைக் கெடுக்கும். அசிட்டிலீன் மட்டும் விதிவிலக்கு. அது ஒன்றிரண்டு பி.பி.எம். வந்தாலும் உடனே மறு மாதிரி எடுங்கள். ஆனால் அவசரப்பட்டு டிரான்ஸ்பார்மரைத் திறந்துவிடாதீர்கள். டாப் சேஞ்சர் ஒவ்வொரு முறை மாறும்போதும் பொறி உண்டாகும், அதன் எண்ணெயில் அசிட்டிலீன் இருப்பது இயல்பு. அந்தத் தொட்டியின் சீல் தேய்ந்து எண்ணெய் பெரிய தொட்டிக்குள் கசிந்தாலும் இதே முடிவு வரும். அசிட்டிலீன் ஹைட்ரஜனைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக இருந்தால் முதலில் அந்த சீலைப் பாருங்கள்.

காகிதத்தின் மிச்ச ஆயுளை வெளியிலிருந்து அறிய ஃபியூரான் சோதனை இருக்கிறது. காகிதம் சிதைந்து எண்ணெயில் விடும் பொருள் இது. தோராயமாக 0.1 பி.பி.எம். என்றால் சங்கிலியில் 700 கண்ணி, 1 பி.பி.எம். என்றால் 430, 5 பி.பி.எம். என்றால் 230. இடையில் எண்ணெய் மாற்றியிருந்தால் இந்தக் கணக்கு சிதைவைக் குறைத்துக் காட்டும். வரலாற்று அட்டை இங்கேயும் உதவிக்கு வரும்.

புக்கோல்ஸ் பேசினால் கேளுங்கள்

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். வெண்ணாற்றுக்குத் தெற்கே ஒரு 33/11 கே.வி. நிலையம். மே மாதக் கடைசி. 8 எம்.வி.ஏ. டிரான்ஸ்பார்மர் காலையில் புக்கோல்ஸ் (உள்ளே வாயு சேர்ந்தால் எச்சரிக்கும் ரிலே) அலாரம் கொடுத்தது. வாயுவை வெளியே விட்டுவிட்டு ஓட்டினோம். மதியம் ட்ரிப் ஆனது. மாலைக்குள் வாசலில் ஐம்பது விவசாயிகள். அவர்களில் பெரியவர் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், நாத்து கருகுது. ஒரே ஒரு தடவ போட்டுப் பாருங்க சார், புண்ணியமாப் போகும்" என்றார். என்னோடு இருந்த மூத்த போர்மேன் தணிந்த குரலில், "வேணாம் தம்பி, வாயு எரியுதான்னு பாத்துட்டுப் போடலாம்" என்றார். நான் அந்தப் பெரியவரின் முகத்தைப் பார்த்தேன், போட்டேன். இரண்டு நிமிடத்தில் அழுத்தக் குழாய் வெடித்து எண்ணெய் கொட்டியது. சுருள் போனது. உள்ளே ஓர் இணைப்பு மட்டும் சரியில்லாமல் இருந்து, அன்றே திறந்திருந்தால் ஒரு வாரத்தில் முடிந்திருக்கும் வேலை. மாற்று டிரான்ஸ்பார்மர் வந்து சேர மூன்று வாரம் ஆனது. அத்தனை பேரின் நாற்றும் போனது.

எனவே விதி இது. புக்கோல்ஸ் ட்ரிப் ஆனால் வாயுவைச் சிரிஞ்சில் பிடித்துச் சோதனைக்கு அனுப்பும் வரை, மெக்கர் (காப்பு மின்தடைச் சோதனை), சுருள் மின்தடை, விகிதம் மூன்றும் பார்க்கும் வரை டிரான்ஸ்பார்மருக்கு மின்சாரம் ஏற்றக் கூடாது. வாசலில் நிற்பவர்களுக்குப் பக்கத்து நிலையத்திலிருந்து முறை வைத்துக் கொடுங்கள். அதற்கான மாற்றுப் பாதையை ஏப்ரலிலேயே வரைந்து சுவரில் ஒட்டியிருக்க வேண்டும்.

மின்சோதனைகள், புஷிங், டாப் சேஞ்சர்

ஆண்டுப் பராமரிப்பு நிறுத்தத்தில் காப்பு மின்தடை, சுருள் மின்தடை, டான் டெல்டா (காப்பில் வீணாகும் மின்சாரத்தின் அளவு) இவற்றைச் செய்வது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முந்தைய ஆண்டின் எண்ணோடு ஒப்பிட்டால்தான் அவற்றுக்குப் பொருள் வரும். அதனால் வெப்பநிலையையும் சேர்த்து எழுதுங்கள். டிரான்ஸ்பார்மரை லாரியில் ஏற்றி இறக்கினாலோ, நெருங்கிய இடத்தில் பெரிய ஷார்ட் சர்க்யூட் நடந்தாலோ அதிர்வெண் மறுமொழிச் சோதனை ஒன்று செய்து, சுருள் நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

110 கே.வி. புஷிங்கில் கஞ்சத்தனம் வேண்டாம். தொட்டி எரிந்துபோகும் விபத்துகளில் கணிசமானவை புஷிங் வெடித்துத் தொடங்குபவை. எண்ணெய்க் காகித வகைப் புஷிங் புதிதாக வரும்போது டான் டெல்டா 0.7 சதவீதத்துக்குள் இருக்கும். முதல் அளவைவிட இரட்டிப்பானால் மாற்றிவிடுங்கள். டான் டெல்டா எடுத்த பிறகு சோதனை முனையின் மூடியை இறுக்கித் திருப்பி மாட்டினீர்களா என்று இரண்டு பேர் பார்க்க வேண்டும். மறந்தால் அந்த முனையே புஷிங்கைக் கொன்றுவிடும்.

டாப் சேஞ்சரின் எண்ணிக்கைக் காட்டியை மாதாமாதம் குறியுங்கள். மோட்டார் நிறைய ஓடும் ஃபீடர்களில் காலையும் மாலையும் மின்னழுத்தம் ஏறி இறங்குவதால் அது ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும். ஆண்டுக் கணக்கில் பார்க்காமல், இத்தனை முறை மாறினால் எண்ணெய் மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர் கொடுத்த எண்ணைப் பின்பற்றுங்கள்.

ஊருக்குள் நிற்கும் சின்னவை

கம்பத்து டிரான்ஸ்பார்மருக்கு வாயுச் சோதனையெல்லாம் கட்டுப்படியாகாது. அதற்குக் கிளாம்ப் மீட்டர் போதும். 100 கே.வி.ஏ. என்றால் எல்.டி. (குறைந்த மின்னழுத்த) பக்கம் ஃபேஸுக்கு 133 ஆம்பியர், 63 கே.வி.ஏ. என்றால் 84. ஐந்து குதிரைசக்தி மோட்டார் ஏழு ஏழரை ஆம்பியர் இழுக்கும். அதனால் 100 கே.வி.ஏ.யில் பதினேழு மோட்டாருக்கு மேல் ஒரே நேரத்தில் ஓடினால் மிகைச் சுமைதான். பதிவில் ஐந்து குதிரைசக்தி என்று இருக்கும், போரில் இறங்கியிருப்பது ஏழரையாக இருக்கும். மே மாதம் காலை எட்டு மணிக்கு நேரில் போய் அளந்தால் உண்மை தெரியும். மூன்று ஃபேஸும் சமமாக இருக்கிறதா, நியூட்ரலில் எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். ஃபேஸை மாற்றிக் கட்டினாலே பாதிப் பிரச்சினை தீரும். மிச்சத்துக்கு 63 கே.வி.ஏ. ஒன்றைப் பக்கத்தில் நிறுத்திச் சுமையைப் பிரியுங்கள். மோட்டாருக்குக் கெபாசிட்டர் மாட்டச் சொல்லி விவசாயிகளிடம் பேசுங்கள். அவர்கள் மோட்டாருக்கும் அது நல்லது.

ஃபியூஸ் போனால் கையில் கிடைத்த கம்பியை முறுக்கிப் போடும் பழக்கம்தான் சின்ன டிரான்ஸ்பார்மர்களைக் கொல்கிறது. சரியான ஃபியூஸ் கம்பிச் சுருளை லைன்மேன் கையில் கொடுத்துவிட்டு, பிறகு கண்டிப்பாக இருங்கள். கம்பி தராமல் திட்டுவது நியாயமில்லை. ஏ.பி. சுவிட்சை (கம்பத்தில் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) திறந்ததும் இரு பக்கமும் எர்த் போட்ட பிறகே ஏற வேண்டும். இப்போது கூரை சோலாரும் கல்யாண மண்டப ஜெனரேட்டரும் பின்பக்கமாக மின்சாரத்தை அனுப்பக்கூடும்.

மழைக்கு முன், புயலுக்குப் பின்

புரட்டாசி முடிவதற்குள் எல்லா பிரீதரும் புது ஜெல்லோடு இருக்க வேண்டும். மார்ஷலிங் பெட்டியின் (கட்டுப்பாட்டுக் கேபிள்கள் வந்து சேரும் பெட்டி) கேபிள் துளைகளை அடைத்துவிடுங்கள். தண்ணீர் வராவிட்டாலும் பல்லியும் தவளையும் வரும். 2008 நவம்பரில் நிஷா புயல் மழையில் தண்ணீர் எந்த மட்டம் வரை வந்தது என்று அந்த நிலையத்துப் பழைய ஆட்களைக் கேளுங்கள். சுவரில் அந்தக் கோட்டைப் போட்டு, பேட்டரியும் கட்டுப்பாட்டுப் பலகையும் அதற்கு மேலே இருக்கின்றனவா என்று பாருங்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தது. கம்பங்கள் சாய்ந்ததை எல்லோரும் பார்த்தார்கள். உப்பு படிந்ததைக் கவனித்தவர்கள் குறைவு. மழையோடு வரும் புயல் உப்பைக் கழுவிவிடும். மழை குறைந்து காற்று மட்டும் அடித்தால் உப்பு புஷிங்கில் ஒட்டிக் காய்ந்துவிடும். வெயில் அடிக்கும் நேரத்தில் எதுவும் நடக்காது. மார்கழி விடியற்காலைப் பனி அந்த உப்பை நனைக்கும்போதுதான் பொறி ஓடும். எனவே கடலோர நிலையங்களில் புயலுக்குப் பின் மின்சாரத்தை நிறுத்தி, நல்ல தண்ணீரால் புஷிங்கைக் கழுவித் துடைக்க வேண்டும். மாற்றும்போது கிலோவோல்ட்டுக்கு 31 மி.மீ. பரப்புத் தூரம் உள்ள புஷிங்காகக் கேளுங்கள். உள்நாட்டுக்கான 25 மி.மீ. இங்கே போதாது.

வெள்ளத்தில் மூழ்கிய கம்பத்து டிரான்ஸ்பார்மரை தண்ணீர் வடிந்தவுடன் போட்டுவிடாதீர்கள். அடி எண்ணெயை ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தாலே தண்ணீர் தனியாக நிற்பது தெரியும். மெக்கரும் எண்ணெய்ச் சோதனையும் சரியாக இருந்தால் மட்டும் போடுங்கள்.

வரிசைப்படுத்துதல்

இவ்வளவையும் சேர்த்து ஒரு தாளில் போடுங்கள். உடல்நிலைக்கு 1 முதல் 5 வரை ஓர் எண் (5 என்றால் மிக மோசம்). அது விழுந்தால் ஏற்படும் இழப்புக்கு 1 முதல் 5 வரை இன்னோர் எண். இரண்டையும் பெருக்குங்கள். உதாரணத்துக்கு, ஃபியூரான் ஏறிய பழைய 5 எம்.வி.ஏ.வின் உடல்நிலை 5. ஆனால் பக்கத்தில் மாற்று இருக்கிறது, இழப்பு 1. பெருக்கினால் 5. உடல்நிலை 3 மட்டுமே உள்ள இன்னொன்று அரசு மருத்துவமனைக்கும் குடிநீர் ஏற்று நிலையத்துக்கும் ஒற்றை வழியாக நிற்கிறது, இழப்பு 5. பெருக்கினால் 15. பணம் முதலில் இரண்டாவதற்குப் போக வேண்டும். வயதை மட்டும் பார்த்திருந்தால் முதலாவதற்குப் போயிருக்கும். இந்தத் தாளில் வருங்காலச் சுமையையும் சேருங்கள். கும்பகோணத்தில் 2028ல் மகாமகம் வருகிறது. அந்த நகருக்கு மின்சாரம் தரும் டிரான்ஸ்பார்மர்களின் முடிவை 2027க்குத் தள்ளிப்போடக் கூடாது.

சரிசெய்வதா, மாற்றுவதா

காகிதத்தில் 450 கண்ணிக்கு மேல் இருந்தால் செலவு செய்யலாம். உலர்த்தி, கேஸ்கட் முழுவதும் மாற்றி, புஷிங் புதிதாகப் போட்டு, டாப் சேஞ்சரைப் பிரித்துச் சரிசெய்தால் இன்னும் பத்துப் பதினைந்து ஆண்டு ஓடும். 300க்குக் கீழே என்றால் அதன் மேல் பெரிய செலவு செய்யாதீர்கள். சுமையைக் குறைத்து, ஷார்ட் சர்க்யூட் குறைவாக வரும் ஃபீடரில் கடைசிக் காலத்தை ஓட்டவிடுங்கள். அதைத் தூக்கி வேறு ஊருக்கு அனுப்பும் எண்ணம் வேண்டாம், சாலைக் குலுக்கலே அதை முடித்துவிடும். பழைய இரும்பு உள்ளகத்தின் வெற்றிழப்பையும் கணக்கில் சேருங்கள். சுமை இல்லாவிட்டாலும் ஓடும் ஒவ்வொரு கிலோவாட் இழப்பும் ஆண்டுக்கு 8,760 யூனிட்.

மாற்று டிரான்ஸ்பார்மர் ஒன்றைச் சும்மா நிறுத்தி வைத்திருந்தால் அதற்கும் பிரீதர் வேண்டும், ஆண்டுக்கொரு எண்ணெய்ச் சோதனை வேண்டும். தேவைப்படும் நாளில் எந்த வழியாகக் கொண்டுபோவது என்றும் இப்போதே பாருங்கள். படுகையில் மூன்று மைலுக்கு ஓர் ஆறு, ஒரு மைலுக்கு ஒரு வாய்க்கால். எந்தப் பாலம் அந்த எடையைத் தாங்கும் என்று நெடுஞ்சாலைத் துறையிடம் எழுத்தில் வாங்கி அட்டையோடு வையுங்கள். வெக்டார் குரூப்பும் மின்மறுப்பும் பொருந்தாத மாற்று, இணையாக ஓட்டும் நாளில் உதவாது.

இந்த வேலைகளுக்கு ஏற்ற காலம் நம் ஊரில் ஒன்றே ஒன்றுதான். ஜனவரி 28 வாக்கில் மேட்டூர் மூடும். அறுவடை நடக்கும், மோட்டார் ஓயும், மழை விட்டிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. அன்றிலிருந்து மார்ச் முடிய எட்டு ஒன்பது வாரம். லைன் கிளியர் (மின்சாரத்தை நிறுத்தி வேலை செய்வதற்கான அனுமதி) விண்ணப்பம், ஜெல், கேஸ்கட், ஃபில்டர் இயந்திரத்துக்கான முன்பதிவு எல்லாம் டிசம்பரிலேயே கையில் இருக்க வேண்டும். மாசி மகத்துக்குள் எண்ணெய் மாதிரிகள் சோதனைக்கூடத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தால், நாற்று விடுவதற்கு முன் முடிவு கைக்கு வந்துவிடும்.